நல்ல மருந்து, பொல்லாத மருந்து: ஆம்ஃபோடெரிசின் கதை

பூசணம்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் பெருசா பயப்படறதில்லை. ஊறுகாய் ஜாடியில மேலாப்ல படர்ந்தா வழிச்சு எறிஞ்சுடுவோம். மழைக்காலத்துல பீரோவுக்குள்ள இருக்கற தோல் பெல்ட்டுல பூத்தா துணியால துடைச்சு வெயில்ல போடுவோம். உடம்புல வந்தா படர்தாமரை, அதுக்கு ஒரு களிம்பு. அவ்வளவுதான் நமக்கும் பூஞ்சைக்கும் உள்ள உறவு.

2021 மே மாசம் அந்த உறவு மாறிப்போச்சு. கொரோனா இரண்டாவது அலையில தப்பிச்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கு முகம் வீங்குச்சு, கண் மூடிக்கிச்சு, மேல் அண்ணம் கருத்துச்சு. 'கருப்புப் பூஞ்சை'ன்னு எல்லா சேனல்லயும் அலறினாங்க. கூடவே இன்னொரு பேரும் அடிபட்டது: ஆம்ஃபோடெரிசின் பி. அந்த ஊசி மருந்துக்காக மருந்துக்கடை கடையா ஜனங்க அலைஞ்சாங்க.

அந்த சமயத்துல எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்த மருந்து புதுசு இல்லை. 1955-லயே கண்டுபிடிச்சது. எம்ஜிஆரோட 'மதுரை வீரன்' வெளியாகறதுக்கும் முன்னாடி! காப்புரிமை எல்லாம் காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. அப்புறம் ஏன் கிடைக்கல? இந்தக் கேள்வியைப் புடிச்சுக்கிட்டு படிக்க ஆரம்பிச்சேன். அது என்னை நியூயார்க், வெனிசுலா, பீகார், வேலூர்னு எங்கெங்கயோ கூட்டிட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீயோட உக்காருங்க.

பூஞ்சை நமக்குச் சொந்தக்காரன்

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். பாக்டீரியாவைக் கொல்றது ஒப்பீட்டளவுல சுலபம். ஏன்னா அது நம்ம உடம்பு செல்லை விட ரொம்பவே வேற மாதிரி. அதுக்கு ஒரு தனிவகைச் சுவர் உண்டு, நமக்குக் கிடையாது. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்ட விடாது. நமக்கு சுவரே இல்லாததால நமக்கு சேதமில்லை.

பூஞ்சை அப்படி இல்லை. பார்க்க செடி மாதிரி தெரிஞ்சாலும் உயிரினங்களோட வம்சாவளியில அது செடியை விட நமக்குத்தான் நெருங்கின சொந்தம். உட்கரு உள்ள செல், கிட்டத்தட்ட நம்மள மாதிரியே உள் அமைப்பு. அதனால பூஞ்சையைக் கொல்ற விஷம் நம்மளையும் கொல்லப் பார்க்கும். பங்காளி வீட்டுல தீ வைக்கணும், ஆனா பொதுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கற நம்ம வீடு பத்திக்கக் கூடாது. இந்த மருந்தோட மொத்த வரலாறும் இந்த ஒரு சிக்கல்தான்.

1940-களில் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்து பாக்டீரியாவை விரட்டினப்போ ஒரு விபரீதம் நடந்தது. உடம்புல சாதுவா ஓரமா இருந்த கேண்டிடா மாதிரி ஈஸ்ட் பூஞ்சைகளுக்குப் போட்டியே இல்லாம போச்சு. பாக்டீரியா காலி பண்ணின இடத்துல இது குடியேறிடுச்சு. வாய், தொண்டை, குடல்னு பூஞ்சைத் தொற்று அதிகமாச்சு. அதைத் தடுக்க உருப்படியா ஒரு மருந்தும் இல்லை.

தபால்ல போன மண்ணு

இங்கதான் ரெண்டு பெண்கள் வர்றாங்க. ஒருத்தர் எலிசபெத் ஹேசன். 1885-ல அமெரிக்காவோட மிசிசிப்பி மாகாணத்துல பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்து சொந்தக்காரங்க வீட்டுல வளர்ந்தவர். 42 வயசுல, 1927-ல, கொலம்பியா பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கினார். இன்னொருத்தர் ரேச்சல் பிரவுன், 1898-ல பிறந்த வேதியியல்காரர். குடும்பத்துல பண வசதி இல்லாததால, பாட்டிக்குத் தெரிஞ்ச ஒரு வசதியான அம்மா செலவு பண்ணி கல்லூரியில படிக்க வெச்சாங்க.

ரெண்டு பேரும் நியூயார்க் மாகாண சுகாதாரத் துறை ஊழியர்கள். சர்க்கார் உத்தியோகம்! ஹேசன் இருந்தது நியூயார்க் நகரத்துல. பிரவுன் இருந்தது ஆல்பனியில. நடுவுல சுமார் 240 கிலோமீட்டர். ஹேசன் மண்ணுல இருந்து நுண்ணுயிர்களைப் பிரிச்சு வளர்ப்பார். பூஞ்சையைக் கொல்ற மாதிரி தெரிஞ்சா அதை ஒரு கண்ணாடி ஜாடியில போட்டு ஆல்பனிக்குத் தபால்ல அனுப்புவார். பிரவுன் அதுல இருந்து வேலை செய்யற பொருளைப் பிரிச்செடுத்து திரும்பத் தபால்ல அனுப்புவார். ஹேசன் மறுபடி சோதிப்பார். பெரும்பாலும் என்ன ஆகும்? பூஞ்சையும் சாகும், எலியும் சாகும். மேல சொன்ன பங்காளிப் பிரச்சினை.

1948-ல வர்ஜீனியா மாகாணத்துல நண்பர் ஒருத்தரோட பண்ணைக்குப் போன ஹேசன் அங்கிருந்து கொஞ்சம் மண் எடுத்துட்டு வந்தார். அந்த மண்ணுல இருந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவுலதான் விஷயம் இருந்தது. பண்ணைக்காரர் பேரு நோர்ஸ், அதனால அந்த பாக்டீரியாவுக்கு 'நோர்சி'ன்னு பேரு வெச்சாங்க. 1950-ல உலகத்துக்கு அறிவிச்சாங்க. மருந்துக்கு நிஸ்டாட்டின்னு பேரு. 'நியூயார்க் ஸ்டேட்' அப்படிங்கறதோட சுருக்கம்தான் அது. சம்பளம் கொடுத்த மாகாணத்துக்கு மரியாதை!

அந்தக் காப்புரிமையில வந்த ராயல்டி மொத்தம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல. ரெண்டு பேரும் அதை வெச்சுக்கல. முழுசையும் அறிவியல் ஆராய்ச்சி நிதிக்குக் கொடுத்துட்டு, சம்பளத்துலயே காலம் தள்ளினாங்க. 1966-ல இத்தாலியோட ஃபிளாரன்ஸ் நகரத்துல வெள்ளம் வந்து ஓவியங்கள் பூசணம் பிடிச்சப்போ அதைக் காப்பாத்தக்கூட நிஸ்டாட்டின் பயன்பட்டது. இவங்களைப் பத்தித் தனிப்பதிவே போடலாம்.

ஆனா நிஸ்டாட்டினுக்கு ஒரு குறை. வாயில தடவலாம், தோல்ல பூசலாம், விழுங்கினா குடலுக்குள்ள வேலை செய்யும். ரத்தத்துல மட்டும் ஏறாது. ஊசியா ஏத்தினா நோயாளி தாங்கமாட்டார். ரத்தத்துலயும் நுரையீரல்லயும் மூளையிலயும் பூஞ்சை ஏறினவங்களுக்கு இன்னும் வழி பொறக்கல.

ஒரினோகோ கரையிலிருந்து

நிஸ்டாட்டினைத் தயாரிச்சு வித்தது ஸ்க்விப் அப்படிங்கற கம்பெனி. ரத்தத்துல ஏத்தக்கூடிய ஒண்ணு வேணும்னு அவங்க ஆராய்ச்சிக்கூடம் மேல தேட ஆரம்பிச்சது. உலகம் பூரா இருந்து மண் வரவழைச்சாங்க. தென் அமெரிக்காவுல வெனிசுலா நாட்டுல ஒரினோகோ ஆத்துப் பக்கம், டெம்ப்ளடோரா அப்படிங்கற இடத்து மண்ணுல ஒரு பாக்டீரியா அகப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோடோசஸ்னு பேரு.

அது ரெண்டு பொருள் சுரந்தது. ஆம்ஃபோடெரிசின் ஏ, ஆம்ஃபோடெரிசின் பி. பி-க்குத்தான் வீரியம் ஜாஸ்தி. அமிலத்தோடயும் சேரும், காரத்தோடயும் சேரும் குணத்துக்கு வேதியியல்ல 'ஆம்ஃபோடெரிக்'னு சொல்வாங்க. அதுல இருந்து வந்த பேரு இது. 1955-ல முதல் அறிக்கைகள் வந்தன, 1950-களின் கடைசியில அமெரிக்காவுல மருந்தா அங்கீகாரமும் ஆச்சு.

இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? பாக்டீரியாவைக் கொல்ல பென்சிலின் கொடுத்தது ஒரு பூஞ்சை. பூஞ்சையைக் கொல்ல ஆம்ஃபோடெரிசின் கொடுத்தது ஒரு பாக்டீரியா. மண்ணுக்குள்ள கோடி வருஷமா நடக்கற சண்டையில ரெண்டு பக்கத்துலயும் ஆயுதத்தைக் கடன் வாங்கிட்டு நாம பெரிய ஆளுன்னு சொல்லிட்டுத் திரியறோம் :-)

எப்படி வேலை செய்யுது?

நம்ம செல்லோட மேல்சவ்வுல கொலஸ்ட்ரால் இருக்கு. பூஞ்சையோட சவ்வுல அதுக்குப் பதிலா எர்கோஸ்டெரால்னு ஒண்ணு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சு, அண்ணன் தம்பி மாதிரி. ஆம்ஃபோடெரிசின் எர்கோஸ்டெராலைத்தான் இறுக்கமாப் புடிக்கும். புடிச்சு சவ்வுல ஓட்டை போடும், உள்ள இருக்கற பொட்டாசியம் எல்லாம் ஒழுகி பூஞ்சை சாகும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. 2014-ல அமெரிக்காவோட இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேற ஒண்ணைக் காட்டினாங்க. மருந்து மூலக்கூறுகள் கூட்டமா சவ்வுக்கு வெளிய உக்காந்து ஸ்பாஞ்சு மாதிரி எர்கோஸ்டெராலை உறிஞ்சி எடுத்துடுது, அதுதான் முக்கியமான அடி, ஓட்டை கூடுதல் சேதம்தான்னாங்க. அரை நூற்றாண்டுக்கு மேல புழங்கின மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு 2014-ல புதுசா ஒரு விளக்கம்!

எப்படியோ, பூஞ்சைக்கு அடி உறுதி. ஆனா அண்ணன் தம்பி ஜாடை ஒண்ணா இருக்கறதால நம்ம கொலஸ்ட்ரால் மேலயும் கொஞ்சம் கை வெச்சிடும். அதிகமா வாங்கிக் கட்டிக்கறது கிட்னி.

அது போக, இந்த மஞ்சள் பொடி தண்ணியில கரையவே கரையாது. கரைய வைக்க, பித்த உப்பு வகையான டிஆக்சிகோலேட்டோட கலந்தாங்க. 'ஃபங்கிசோன்'னு பேர்ல வந்தது இந்தக் கலவைதான். உப்புத்தண்ணி டிரிப்ஸ்ல கலந்தா திரிஞ்சு போயிடும். 5% குளுக்கோஸ் பாட்டில்லதான் கலக்கணும், மணிக்கணக்கா மெதுவா ஏத்தணும்.

ஏத்த ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல காய்ச்சல் வரும். கூடவே கட்டிலே ஆடற மாதிரி குளிர் நடுக்கம். வாந்தி. நாள் போகப் போக கிட்னி பழுதாகும், ரத்தத்துல பொட்டாசியம் குறையும். முன்கூட்டியே காய்ச்சல் மாத்திரை, அலர்ஜி மருந்து, உப்புத்தண்ணி பாட்டில்னு கொடுத்துதான் ஏத்துவாங்க. ஆங்கிலம் பேசற ஊர் டாக்டர்கள் இதுக்கு வெச்ச செல்லப்பேர் 'ஆம்ஃபோ-டெரிபிள்'. நம்ம பாஷையில சொன்னா பொல்லாத மருந்து.

ஆனா இதை விட்டா வேற கதி கிடையாது. இது இல்லாத காலத்துல கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளைச்சவ்வுல ஏறினா அனேகமா சாவுதான். இது வந்த பிறகுதான் பிழைச்சாங்க. கிட்னியா, உயிரா? நோயாளியோட குடும்பமும் டாக்டரும் முப்பது வருஷத்துக்கு மேல இந்தக் கேள்வியோட மல்லுக்கட்டினாங்க. புற்றுநோய்க்கு கீமோதெரபி, உறுப்பு மாற்று சிகிச்சை, அப்புறம் எய்ட்ஸ்னு எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க எண்ணிக்கை ஏற ஏற இந்தக் கேள்வியும் பெருசாச்சு.

(நடுவுல ஒரு சின்ன கிளைக்கதை. இதே குடும்பத்துல மூணாவதா நாட்டாமைசின்னு ஒண்ணு உண்டு, அது தென் ஆப்பிரிக்காவோட நட்டால் மண்ணுல கிடைச்சது. நம்ம பக்கம் நெல் அறுக்கறப்போ, வயல் வேலையில தாளோ தூசியோ கண்ணுல கீறி, கருவிழியில பூஞ்சைப் புண் வர்றது ரொம்ப சகஜம். அதுக்கு இந்த நாட்டாமைசின் சொட்டு மருந்துதான் நல்லதா, புது மருந்தான வோரிகோனசோல் நல்லதான்னு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் பங்கெடுத்து நடந்த ஆய்வு 2013-ல வெளியாச்சு. பழைய மருந்துதான் ஜெயிச்சது. ஆம்ஃபோடெரிசின் ஊசி மருந்தையே நீர்க்க வெச்சு கண்ணுல சொட்டு விடறதும் உண்டு.)

கொழுப்புக்குள்ள ஒளிச்சு அனுப்பு

தீர்வு மருந்துக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல இருந்து வந்தது. 1960-களில் இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கத்துல பேப்ரஹாம் ஆராய்ச்சி நிலையத்துல அலெக் பேங்ஹாம்னு ஒருத்தர், லெசித்தின் மாதிரி கொழுப்புப் பொருளைத் தண்ணியில கலந்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டிருந்தார். கொழுப்பு தானாவே குட்டிக் குட்டி உருண்டைப் பையா மாறியிருந்தது. செல்லோட சவ்வு மாதிரியே சுவர். ஆரம்பத்துல கூட இருந்தவங்க கேலியா 'பேங்கோசோம்'னு சொன்னாங்க. பிற்பாடு 'லைப்போசோம்'னு பேரு நிலைச்சது.

அந்தப் பைச் சுவர்ல மருந்தைச் செருகி அனுப்பினா என்ன? ஆம்ஃபோடெரிசினுக்கு இது அளவெடுத்துத் தச்ச சட்டை. அதுக்குத்தான் தண்ணி ஆகாது, கொழுப்பு ஆகும். கொழுப்புச் சுவருக்குள்ள சமர்த்தா உக்காந்துக்கும். ரத்தத்துல போறப்போ நம்ம செல்லை அதிகம் தொடாது, கிட்னிக்குப் போறதும் குறையும். பூஞ்சை கிட்ட போனதும் எர்கோஸ்டெராலோட ஈர்ப்புல அங்க இறங்கிக்கும்.

1980-களில் அமெரிக்காவோட ஹூஸ்டன் நகரத்துல எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துல கேப்ரியல் லோபஸ்-பெரெஸ்டீன் குழு இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1990-ல 'ஆம்பிசோம்'னு பேர்ல ஐரோப்பாவுல முதல் அனுமதி, 1997-ல அமெரிக்காவுல. 1999-ல வந்த ஒரு பெரிய ஆய்வு பழசையும் புதுசையும் நேருக்கு நேர் வெச்சுப் பார்த்தது. 687 நோயாளிகள். குணமாக்கறதுல ரெண்டும் சமம். ஆனா கிட்னி பாதிப்பு பழைய மருந்துல 34%, லைப்போசோம் மருந்துல 19%. குளிர் நடுக்கம் 54%-ல இருந்து 18%-க்கு இறங்கிடுச்சு.

நல்லா கவனிங்க. மருந்து அதேதான், வெனிசுலா மண்ணுல கிடைச்ச அதே மஞ்சள் பொடி. மாறினது சட்டை மட்டும். பூஞ்சையைக் கொல்ல 1955-லயே தெரிஞ்சிடுச்சு. நோயாளியைக் கொல்லாம அதைச் செய்யக் கத்துக்கத்தான் இன்னும் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு.

ஆனா அந்தச் சட்டை விலை ஜாஸ்தி. சுத்தமான கொழுப்புப் பொருள்கள் வேணும், எல்லா உருண்டையும் ஒரே அளவுல, ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ இருக்கணும். எல்லாக் கம்பெனியாலயும் செய்ய முடியாது. பழைய ஊசி நூத்துக்கணக்குல, புதுசு ஆயிரக்கணக்குல. கிட்னி பிழைக்கணும்னா காசு வேணும்னு ஆயிடுச்சு.

வேலூர் வழியா ஒரு தேசி சட்டை

இதை நம்ம நாட்டுலயே செய்யணும்னு நினைச்ச ஒருத்தரைப் பத்தி நம்ம பதிவர்கள் அவசியம் தெரிஞ்சுக்கணும். பிமல் குமார் பச்சாவத். கல்கத்தாக்காரர். ஆனா 1950-களின் கடைசியில இருந்து பல வருஷம் வேலூர் சி.எம்.சி.யில நரம்பு வேதியியல் ஆராய்ச்சியைக் கட்டி வளர்த்தவர். 1962-ல பட்நாகர் விருது வாங்கினவர். பிற்பாடு டெல்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்க அவர் குழு லைப்போசோமுக்குள்ள ஆம்ஃபோடெரிசினை வெக்கற வழியைச் செஞ்சது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில நீலிமா க்ஷீர்சாகர் குழு அதை நோயாளிகள்கிட்ட சோதிச்சது. 'ஃபங்கிசோம்'னு பேர்ல அது சந்தைக்கும் வந்தது. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒலி அலைக் கருவியில வெச்சு குலுக்கணும், அதுதான் இதுல ஒரு விசேஷம். இறக்குமதிச் சரக்கை விட மலிவு. பச்சாவத் 1996-ல காலமாயிட்டார். கருப்புப் பூஞ்சை நாட்களில் எந்த சேனல்லயும் அவர் பேரை நான் கேக்கல.

பீகார்ல ஒரே ஊசி

இந்த மருந்துக்கு பூஞ்சையைத் தாண்டி இன்னொரு எதிரியும் உண்டு. காலா அசார், அதாவது கருங்காய்ச்சல். மணல் ஈ கடிச்சு வர்ற லீஷ்மேனியாங்கற ஒட்டுண்ணி. அதோட சவ்வுலயும் எர்கோஸ்டெரால் ஜாதிப் பொருள்தான், அதனால ஆம்ஃபோடெரிசின் அதையும் அடிக்கும். பீகார்ல ஆன்டிமனி ஊசிக்கு நோய் மசியாம போனப்போ இதுதான் கை கொடுத்தது. ஆனா பழைய முறையில ஒருநாள் விட்டு ஒருநாள் 15 தடவை ஏத்தணும். கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆஸ்பத்திரியில. அன்னாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு ஒரு மாசக் கூலி போனா என்ன ஆகும்?

காசி இந்து பல்கலைக்கழகத்தோட டாக்டர் ஷ்யாம் சுந்தர் குழு முசாபர்பூர்ல ஒரு ஆய்வு செஞ்சது, 2010-ல வெளியாச்சு. லைப்போசோம் மருந்து, கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா 95.7% பேர் குணம். பதினஞ்சு தடவை ஏத்தின பழைய முறையில 96.3%. கிட்டத்தட்ட சமம்! ஒரு மாசம் ஒரு நாளா சுருங்கிடுச்சு. விலையை உலக சுகாதார நிறுவனம் பேசிக் குறைச்சது, 2011-ல கிலியட் கம்பெனி லட்சக்கணக்குல குப்பிகள் இலவசமா தரவும் ஒத்துக்கிச்சு. விலை உயர்ந்த சட்டை ஏழைக்கும் கிடைச்சா என்ன நடக்கும்னு காட்டின இடம் பீகார்.

ஆப்பிரிக்காவுலயும் இதே கதை. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வர்ற கிரிப்டோகாக்கஸ் மூளைச்சவ்வு அழற்சிக்கு ஒரே ஒரு பெரிய டோஸ் லைப்போசோம் மருந்து, கூட ரெண்டு மாத்திரைகள். போட்ஸ்வானா, மலாவி, தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே அஞ்சு நாட்டுல சோதிச்சு 2022-ல வெளியிட்டாங்க. ஒரு வாரம் தினம் ஏத்தற பழைய முறைக்கு இது குறைஞ்சதில்லைன்னு தெரிஞ்சது.

2021, அந்தக் கணக்கு

இப்போ முதல் கேள்விக்கு வருவோம்.

முதல்ல பேரைத் திருத்திடறேன். அந்தப் பூஞ்சை கருப்பு இல்லை. மியூக்கார் வகை, ரொட்டியில, மக்கின குப்பையில, மண்ணுல சாதாரணமா இருக்கறது. அது ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து அடைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கும். கருப்பு அந்தச் செத்த சதைதான். சாதாரண ஆளை ஒண்ணும் செய்யாது. கட்டுக்கடங்காத சர்க்கரையும், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்தப்போதான் அதுக்குக் கொண்டாட்டம். இதுக்கு மத்த பூஞ்சை மருந்துகள் பலதும் வேலைக்கு ஆகாது. ஃப்ளூகோனசோல் கேக்காது, வோரிகோனசோல் கேக்காது, 2001-ல இருந்து வந்த காஸ்போஃபங்கின் வகையும் கேக்காது. முதல் ஆயுதம் இன்னைக்கும் ஆம்ஃபோடெரிசின்தான், கூடவே செத்த சதையை வெட்டி எடுக்கற ஆபரேஷன்.

என் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவுல ஒரு நண்பன் அவங்க பெரியப்பாவுக்காக மெசேஜ் போட்டான். ஆஸ்பத்திரியில டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து "வெளிய வாங்கிட்டு வந்துடுங்க"ன்னுட்டாங்க. 'லைப்போசோமல், 50 மில்லிகிராம், எத்தனை கிடைச்சாலும் சரி'. நாங்க இருபது பேர் போன் எடுத்து சுத்தினோம். கோயமுத்தூர்ல ரெண்டு, பெங்களூர்ல மூணுன்னு பொறுக்கிச் சேர்த்தோம். எனக்கு அப்போ புரியாத ஒண்ணு, அஞ்சு குப்பி சேர்ந்ததும் நாங்க சந்தோஷப்பட, அவன் மட்டும் "இது இன்னைக்கு ஒரு நாளைக்கே பத்தாதுடா"ன்னு சொன்னது.

கணக்கு போட்டுப் பாருங்க. இந்த நோய்க்கு கிலோவுக்கு குறைஞ்சது 5 மில்லிகிராம், தினமும். 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பி 50 மில்லிகிராம். அப்போ ஒரு நாளைக்கு 6 குப்பி. மூணு வாரத்துக்கு 126 குப்பி. ஒரே ஒரு ஆளுக்கு!

2021 மே 22-ம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கூடுதலா 23,680 குப்பிகள் ஒதுக்கினதா அறிவிச்சது. அன்னைக்கு நாட்டுல நோயாளிகள்னு சொன்ன எண்ணிக்கை 8,848. வகுத்தா ஆளுக்கு மூணு குப்பி கூட வரல. அரை நாளைக்குக் காணாது. ஜூலை வரைக்கும் நாட்டுல 45,000-க்கு மேல நோயாளிகள், 4,300-க்கு மேல மரணம்னு நாடாளுமன்றத்துல சொன்னாங்க. ஜூன் 12-ல இந்த மருந்துக்கு ஜிஎஸ்டியை 5%-ல இருந்து பூஜ்யம் ஆக்கினாங்க. நல்லதுதான், ஆனா கடையில இல்லாத சரக்குக்கு வரி குறைச்சு என்ன?

ஏன் இல்லை? மருந்துப் பொடிக்குப் பஞ்சம்னு மட்டும் சொல்ல முடியாது. சட்டை தைக்கற தையல்காரர்கள் கொஞ்சம் பேர்தான். வருஷத்துக்கு இத்தனை பேருக்குத்தான் இது வரும்னு கணக்கு வெச்சு தயாரிச்சாங்க. அந்தக் கணக்கு ஒரே மாசத்துல உடைஞ்சது. லைப்போசோம் தயாரிக்கற இடத்தை ராத்திரியோட ராத்திரியா கட்டிட முடியாது. அதனால பலருக்கு மறுபடியும் பழைய பொல்லாத ஊசியையே போட்டாங்க. அதுலயும் ஒரு கண்டம் உண்டு: பழைசுக்கு அளவு கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். புதுசோட அளவுல பழைசை மாத்திப் போட்டா ஆளே போயிடலாம். பேரு ஒண்ணு, அளவு வேற. அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட இந்த மருந்து தேடினா, எந்த வகைன்னு முழுசாக் கேட்டு எழுதி வாங்குங்க.

நண்பனோட பெரியப்பா பிழைச்சார். இடது கண்ணை எடுத்துட்டாங்க. கிட்னி தப்பிச்சது.

கடைசியா

2022 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனம் முதல் தடவையா ஆபத்தான பூஞ்சைகள் பட்டியல் ஒண்ணு போட்டது. மொத்தம் 19. பாக்டீரியாவுக்கு இந்த மாதிரி பட்டியல் 2017-லயே வந்தாச்சு, பூஞ்சை அஞ்சு வருஷம் கழிச்சு. எப்பவும் பின் பெஞ்சுதான். அந்தப் பட்டியல்ல மேல் வரிசையில இருக்கற கேண்டிடா ஆரிஸ் 2009-ல ஜப்பான்ல ஒருத்தர் காதுல இருந்து எடுத்து அடையாளம் கண்டது. அதுல சில ரகங்கள் ஆம்ஃபோடெரிசினுக்கே மசியறதில்லை. உடம்புக்குள்ள பரவின பூஞ்சைக்குன்னு நம்மகிட்ட இருக்கற மருந்து வகைகளை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

மண்ணைத் தபால்ல அனுப்பின ரெண்டு அரசு ஊழியர்களும், கொழுப்பு உருண்டையை வேடிக்கை பார்த்த ஒருத்தரும், வேலூர்ல வேர் விட்ட ஒருத்தரும் அவங்க பங்கைச் செஞ்சுட்டாங்க. கண்டுபிடிப்பு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. மிச்சம் இருக்கறது கிடங்குல எத்தனை குப்பி இருக்கணும்னு ஒரு முடிவு. நோய் வராத வருஷத்துலயும் வாங்கி வைக்கணும், வீணாப் போனாலும் போகட்டும்னு. சர்க்கரை நோயாளிகள் இவ்வளவு பேர் இருக்கற நாட்டுக்கு அது வீண் செலவே இல்லைங்கறது என் கட்சி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை மக்களே. அளவெல்லாம் கதைக்காகச் சொன்னது, வைத்தியத்துக்கு இல்லை. மருத்துவம் படிச்ச பதிவர்கள், முக்கியமா 2021-ல வார்டுல நின்னவங்க, பின்னூட்டத்துல வந்து உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. அடுத்த பதிவு ஹேசனும் பிரவுனும் பத்தி, நேரம் கிடைச்சா.